லேப்டாப்பை ரிப்பேர் கடையில் விடுவதற்கு முன் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியின் நம்பரை எழுதி வையுங்கள்

பம்பாயின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான லேமிங்டன் ரோடு பக்கம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்ப இருப்பவர்கள், முக்கியமாக "விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சாமே" என்ற பயத்தில் கிளம்ப இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 3,800 ரூபாயும் ஒரு எஸ்எஸ்டியும் (லேப்டாப்பில் எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் டிஸ்க்) போனது. அந்த எஸ்எஸ்டிக்குள் ஏழு வியாபாரிகளின் கணக்கு இருந்தது.

நான் மாட்டுங்கா லேபர் கேம்பில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். தாராவியில் தோல் பை பட்டறை இரண்டு, பாத்திரக்கடை ஒன்று, மளிகை மூன்று, ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். மாதம் 11ஆம் தேதி ஒரு ரிட்டர்ன், 20ஆம் தேதி இன்னொரு ரிட்டர்ன் என்று என் காலண்டரே ஜிஎஸ்டி போட்டுக் கொடுத்ததுதான். லேப்டாப் 2019இல் வாங்கியது, இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5 பிராசசர். 2022இல் டாலி என்ற கணக்கு மென்பொருள் திறக்கவே நேரமாகிறது என்று 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான வகை) ஒன்று வாங்கினேன், அக்கா மகன் மாட்டிக் கொடுத்தான். அது வந்த அட்டைப் பெட்டியை பீரோவில் வைத்தேன். காலி டப்பாவைத் தூக்கிப் போட மனசு வராத வியாதி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. இந்தக் கதையில் உருப்படியாக வேலை செய்தது அந்த வியாதி ஒன்றுதான்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. அதற்கு முன்பும் பின்பும் திரை முழுக்க ஒரு அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. எங்கள் பில்டிங் வாட்ஸப் குரூப்பில் கேட்டேன். ஒருவர் கம்ப்யூட்டர் தானாகவே நின்றுவிடும் என்றார். ஒருவர் பேங்க் சைட் எதுவும் திறக்காது என்றார். இன்னொருவர் குட்மார்னிங் படம் போட்டார். யோசித்துப் பார்த்தால் அவர் ஒருவர்தான் தப்பாக எதுவும் சொல்லவில்லை.

உண்மை என்னவென்றால், எதுவும் நிற்காது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு அடைப்பு வருவது நிற்கும், அவ்வளவுதான். அதுகூட, மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து பதிவு செய்துகொண்டால் வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை செக்யூரிட்டி அப்டேட் கிடைக்கும். என் லேப்டாப் விஷயத்தில் அதுவும் தேவைப்பட்டிருக்காது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் என்ற வசதி, பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் என்று சில நிபந்தனைகள் உண்டு. என்னுடையது எல்லாவற்றிலும் தேறும். ஐ5 என்பதற்குப் பக்கத்தில் 8265 என்று நம்பர் இருந்தால் முதல் இலக்கம்தான் தலைமுறை. அப்டேட் பக்கத்தில் விண்டோஸ் 11ஐ இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் இரண்டு வருடமாக "இப்போதைக்கு வேண்டாம்" என்ற பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தேன். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

நவம்பர் முதல் வாரம் மாட்டுங்கா ரோட்டில் ஸ்லோ ட்ரெயின் ஏறி கிராண்ட் ரோட்டில் இறங்கினேன். இரண்டு மூன்று கடையில் ஹிந்தியில் விசாரித்துவிட்டு, படிக்கட்டில் நின்று வீட்டுக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். மாடிக் கடையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "எந்த ஊருக்கா?" என்றார்.

"நாங்குநேரி."

"அடடே, நமக்கு வள்ளியூருல்லா! உள்ள வாங்கக்கா."

பம்பாயில் பிழைக்கிறவர்களுக்கு அந்த "ல்லா" என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே முருகன் படம், படத்துக்குப் பூ. லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். "இது பழைய மெஷின்க்கா, 11 நேரா ஏறாது. நீங்களா ஆன்லைன்ல ஏத்துனா டேட்டா பூரா போயிரும். விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கிடுதேன்." 4,500 என்றார், ஊர்க்காரி என்பதால் 3,800 ஆக்கினார். பில் கேட்டேன். "பில் போட்டா பதினெட்டு பர்சென்ட் சேரும்க்கா, நமக்குள்ள எதுக்கு?" சரி என்று தலையாட்டினேன். லேப்டாப்பைத் திறக்கும் பின் (PIN) நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதி, செலோடேப் போட்டு மூடிமேல் ஒட்டிக் கொடுத்தேன். வீட்டுச் சாவியைக் கொடுத்து, எது எங்கே இருக்கிறது என்று வழியும் சொல்லிவிட்டு வந்த மாதிரி.

மறுநாள் சாயங்காலம் போனால் விண்டோஸ் 11 பளபளவென்று இருந்தது. "ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டிருக்கேன். உங்க ஃபோல்டர் எல்லாம் டி டிரைவ்ல இருக்கு, பாத்துக்கோங்க." பார்த்தேன், இருந்தது. டாலியும் திறந்தது. ஜிபேயில் பணம் அனுப்பினேன். கடைப் பெயரில் போகவில்லை, யாரோ ஒருவரின் பெயரில் போனது. அதையும் கவனித்தேன். கவனித்துவிட்டு அனுப்பினேன்.

நாலு நாளில் லேப்டாப் தவழ ஆரம்பித்தது. பேக்கப் எடுக்க உட்கார்ந்தால் சாதம் வடித்து, குழம்பு இறக்கிவிட்டு வந்து பார்க்கலாம். கேட்டவர்கள் எல்லாம் "11னாலே ஸ்லோதான்" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் டோம்பிவிலியிலிருந்து வந்தான். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"சித்தி, உங்களோடது ஹோம்தானே? இதுல ப்ரோன்னு இருக்கு."

ஹோம், ப்ரோ இரண்டும் விண்டோஸின் பதிப்புகள். ப்ரோ என்றால் உசத்திதானே என்று நினைத்தேன். அவன் சொன்னது இது. விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டாப்பில் ஒரிஜினல் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பைத் திரும்பப் போட்டால் இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும், காசு கிடையாது. இவர்கள் அந்தச் சிரமம்கூடப் படாமல், கையில் இருந்த பென்டிரைவிலிருந்து திருட்டு ப்ரோவை ஏற்றியிருக்கிறார்கள். ஆக்டிவேஷன் பக்கத்தில் "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எனக்கு ஏது நிறுவனம்? பெரிய ஆபீஸ்களுக்கான முறை அது, 180 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். திருட்டு ஆக்டிவேட்டர்கள் அந்த முறையைப் போலி செய்து ஓட்டுகின்றன. ஆக்டிவேட்டரை ஆன்டிவைரஸ் பிடித்துவிடும் என்பதால் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸில் சி டிரைவ் முழுவதையும் விலக்குப் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தார்கள். காவல்காரனை வைத்துவிட்டு, இந்த வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்காதே என்று சொன்ன கதை. அந்த மெஷினில்தான் நான் ஒரு வாரம் வியாபாரிகளின் ஜிஎஸ்டி லாகினைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் அவன் முகம் தெளியவில்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அதை இறக்கி ஓட்டினான். டிஸ்கின் மாடல், சீரியல் நம்பர், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். 19,200 மணி நேரத்துக்கு மேல் காட்டியது. கணக்குப் போட்டேன், என் தொழில் அதுதானே. இரவு பகல் அணைக்காமல் ஓடினால் 800 நாள். மூன்று வருடமாக நான் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டியிருந்தாலும் ஒன்பதாயிரத்தைத் தாண்டாது.

பீரோவைத் திறந்து அட்டைப் பெட்டியை எடுத்தேன். ஸ்டிக்கரில் இருந்த சீரியல் நம்பர் வேறு, திரையில் இருந்தது வேறு. கம்பெனியே வேறு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. என்னுடையது என்விஎம்இ, மாட்டியிருந்தது சாட்டா என்ற மெதுவான வகை. இரண்டும் ஒரே எம்.2 வடிவத்தில், சூயிங்கம் பட்டை மாதிரிதான் இருக்கும். என் லேப்டாப் மாதிரி சில லேப்டாப்பின் ஸ்லாட்டில் இரண்டுமே பொருந்தும். 512 ஜிபிக்கு 512 ஜிபி. மை கம்ப்யூட்டரில் பார்த்தால் இம்மி வித்தியாசம் தெரியாது. வேகத்தில் மட்டும்தான் தெரியும். சாட்டா நொடிக்கு 550 எம்பியைத் தாண்டாது, என்விஎம்இ அதைப் போல நாலைந்து மடங்கு போகும். அதிலும் பாதி தேய்ந்த டிஸ்க் என்றால் கேட்கவே வேண்டாம். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் எல்லாம் போய்க்கொண்டிருப்பதால் 2025 கடைசியில் ரேம், எஸ்எஸ்டி விலை ஏறிவிட்டது. பழைய லேப்டாப்பில் என்ன எடுத்துவிடப் போகிறார்கள் என்று இனிமேல் யாரும் நினைக்க வேண்டாம்.

திங்கட்கிழமை பெட்டியோடு போனேன். ஊர்க்காரர் முதலில் "நீங்க கொண்டு வந்தப்பவே இதுதான்க்கா இருந்துது" என்றார். பெட்டியைக் காட்டினேன். பெட்டி எதுக்குவேணா சொந்தமா இருக்கலாம் என்றார். அவருடைய பையனைக் கூப்பிட்டார், பையன் ஊருக்குப் போயிருக்கிறானாம். அப்புறம் "பையன் தெரியாம மாத்தி மாட்டியிருப்பான்" என்று இறங்கி வந்தார். என் எஸ்எஸ்டி எங்கே என்றேன். தெரியாது. அரை மணி நேரம் நின்றேன். 1,500 ரூபாயை மேஜையில் வைத்து, "நம்ம ஊரு அக்கான்னுதான் குடுக்கேன்" என்றார். வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் இன்னும் சொல்கிறார்.

எனக்கு அந்தக் காசு முக்கியமாகப் படவில்லை. ஃபார்மட் செய்தேன் என்று அவர் சொன்னது மாற்றி மாட்டிய டிஸ்கை. என் டிஸ்க் அப்படியே, உள்ளே இருந்ததெல்லாம் உள்ளேயே இருக்க, கைமாறியிருக்கிறது. மூன்று வருட டாலி, பேன் கார்டு நகல், ஆதார் நகல், கேன்சல் செய்த செக்கின் ஸ்கேன், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு. டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற வசதியைப் போட்டு வைத்திருந்தால், டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டுகிறவர்களிடம் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டிருக்கும், ஒன்றும் படிக்க முடியாது. நான் போட்டிருக்கவில்லை.

அன்றிரவே அக்கா மகன் ஒரு 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸ் 11 ஹோம் இறக்கி, புது எஸ்எஸ்டியில் போட்டான். கீ கேட்கவில்லை, தானாக ஆக்டிவேட் ஆனது. முக்கால் மணி நேர வேலை. நான் போனிலிருந்து எல்லா ஜிஎஸ்டி பாஸ்வேர்டையும், மெயிலையும் மாற்றினேன். 1915க்கு அழைத்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசுகிறார்கள். புகாரைப் பதிந்து நம்பர் கொடுத்தார்கள். பில் கொடுக்க மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். பில் இல்லாவிட்டாலும் ஜிபே ரசீது, வாட்ஸப் செய்தி, சீரியல் நம்பர் உள்ள பெட்டி இவற்றை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. போவதா என்று இன்னும் யோசிக்கிறேன்.

உங்களுக்குச் சொல்வது இதுதான். கடைக்குப் போகும் முன் டிஸ்க், ரேம் இரண்டின் மாடலையும் சீரியலையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தைக் கடைக்காரருக்கே வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுப் பொருளைக் கொடுங்கள். படம் அவர் போனில் இருப்பதே பாதி காவல். கீபோர்டு, ஹிஞ்ச், சார்ஜிங் போர்ட் ரிப்பேருக்கெல்லாம் உங்கள் பின் நம்பர் தேவையே இல்லை. கீழ் மூடியின் திருகைக் கழற்றத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் எஸ்எஸ்டியை எடுத்து வைத்துக்கொண்டே கொடுங்கள். லேமிங்டன் ரோட்டில் எல்லோரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. எதிர்வரிசையில் ஒருவர் வருடக்கணக்காக எனக்கு பிரின்டர் டோனர் ஒழுங்காக நிரப்பித் தருகிறார், அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது.

அப்புறம் ஏழு பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். பாஸ்வேர்டு மாற்றியிருக்கிறேன், பேங்க் மெசேஜ்களைக் கவனியுங்கள், ஆதார் பயோமெட்ரிக்கை லாக் செய்யுங்கள் என்று ஒரே பாடத்தை ஏழு தடவை ஒப்பித்தேன். பட்டறைக்கார அண்ணன் ஒருவர், "விடும்மா, இருபதாம் தேதி ரிட்டர்ன் போயிருமா?" என்று மட்டும் கேட்டார். பாத்திரக்கடைக்காரர் கொஞ்சம் கத்தினார். வயதில் மூத்த மளிகைக்கடை அண்ணாச்சி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்மா, நீ ஜிஎஸ்டி கணக்கு பாக்கிற புள்ள. நீயே பில் வாங்கலியா?" என்றார்.

டிசம்பரிலிருந்து அவர் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது.