டெபியன், உபுண்டு, ஃபெடோரா: வழித்தோன்றலுக்குத் தாயின் பெயரைச் சூட்டலாமா?

டெபியன், உபுண்டு, ஃபெடோரா மூன்றும் லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள், அதாவது லினக்ஸை மையமாகக் கொண்ட முழு இயங்குதளங்கள். இவற்றில் ஒன்றை மாற்றி நீங்கள் வெளியிடும் பதிப்பே வழித்தோன்றல், மூலமானது தாய். லினக்ஸ் போன்ற திறமூல மென்பொருளுக்கான ஜிபிஎல் உரிமம் மூலநிரலை மாற்றவும் பகிரவும் விடுகிறது. பெயரையும் சின்னத்தையும் அது தருவதில்லை. அவை வணிகக்குறிச் சட்டத்தின்படி தாய்த்திட்டத்துக்கே சொந்தம். ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் மூலநிரலிலிருந்து உருவான சென்ட்ஓஎஸ் டிஸ்ட்ரோ, அந்தப் பெயரையும் சின்னங்களையும் முழுக்கக் களைந்த பிறகே வெளிவந்தது.

மூன்றில் தாராளமானது ஃபெடோரா. வெளித் தொகுப்புகளை (நிறுவத் தயாரான மென்பொருள் கட்டுகளை) கலந்தாலும், விதிகளைப் பின்பற்றினால், தனி அனுமதி இன்றி 'ஃபெடோரா ரீமிக்ஸ்' என்ற துணை வணிகக்குறியைப் பயன்படுத்தலாம். ஆனால் ஃபெடோராவின் சின்னமும் பெயரும் அடங்கிய ஃபெடோரா-லோகோஸ், ஃபெடோரா-ரிலீஸ் தொகுப்புகளை நீக்கி, அவை இல்லாத ஜெனரிக்-லோகோஸ், ஜெனரிக்-ரிலீஸ் தொகுப்புகளை வைக்க வேண்டும்.

டெபியன் நடுவில் நிற்கிறது. 'டெபியனை அடிப்படையாகக் கொண்டது' என்று உண்மையைச் சொல்ல யாரையும் கேட்க வேண்டாம். தயாரிப்பின் பெயரிலோ இணைய முகவரியிலோ 'டெபியன்' வரக் கூடாது.

கறாரானது உபுண்டு. மாற்றிய பதிப்பை அதே பெயரில் வெளியிட அதை நடத்தும் கனோனிக்கல் நிறுவனம் ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் இல்லையென்றால் வணிகக்குறிகளை அகற்றி, மூலநிரலை மறுபடி கம்பைல் செய்யச் (இயங்கும் நிரலாக மாற்றச்) சொல்கிறது அதன் கொள்கை. சிறு குழுவுக்கு இது பெரும் சுமை.

இந்தக் கறாருக்குக் காரணம் உண்டு. நீங்கள் சேர்த்த பேட்ச் (நிரல் திருத்தம்) ஒன்று வட்டை அழித்துவிட்டால், பயனர் குறை சொல்வது பெயரில் இருப்பவரைத்தான். தரத்தைக் காக்கும் இதே கவலையில்தான் மாற்றிய ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை அந்தப் பெயரில் வெளியிட மொசில்லா விடவில்லை. டெபியன் 2006 முதல் 2016 வரை அதை ஐஸ்வீசல் என்று வழங்கியது.

மாற்றம் வால்பேப்பர், முன்நிறுவிய செயலிகள் அளவில் நின்றால், ஃபெடோராவில் ரீமிக்ஸ் என்ற பெயர் போதும். இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னலையோ, தொகுப்புகள் பதிவிறங்கும் களஞ்சியத்தையோ தொட்டால் தனிப்பெயரே சரி. பழியும் பாராட்டும் உரியவரிடம் சேரும்.

தனிப்பெயருக்கு மாறும்போது, இயங்குதளத்தை அடையாளம் காட்டும் ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில் தொடங்குங்கள். 'ஐடி' வரியில் உங்கள் பெயர், 'ஐடி_லைக்' வரியில் தாயின் பெயர். பின்னதை விட்டுவிட்டால், டிஸ்ட்ரோவைச் சோதிக்கும் நிறுவல் ஸ்கிரிப்டுகள் பல 'ஆதரவில்லை' என்று நின்றுவிடும். அதே கோப்பில் வழுக்களை (மென்பொருள் பிழைகளை) புகார் செய்யும் முகவரியையும் மாற்றுங்கள். பலரும் மறக்கும் வரி இது, உங்கள் வழுக்கள் தாய்த்திட்டத்தின் தலையில் விழும். உபுண்டு வழிவந்தவற்றில், தொகுப்புகளைக் கையாளும் பைதான்-ஆப்ட் நூலகத்தின் டெம்ப்ளேட்ஸ் அடைவில் உங்கள் பெயருக்கான கோப்பு இல்லாவிட்டால், புதிய களஞ்சியம் சேர்க்கும் ஆட்-ஆப்ட்-ரெபாசிட்டரி கட்டளை பிழை காட்டும்.

ஓரிடத்தில் மட்டும் தாயின் பெயரை விட்டுவைக்க வேண்டியிருக்கும். கணினியைத் தொடக்கும் நிரல் கிரப். உபுண்டுவின் கையொப்பமிட்ட கிரப், தன் அமைப்புக் கோப்பை, தொடக்க நிரல்கள் இருக்கும் இஎஃப்ஐ வட்டுப் பகுதியின் 'உபுண்டு' அடைவில்தான் தேடும். அந்த அடைவின் பெயரை மாற்றினால், கையொப்பமிட்ட தொடக்க நிரலை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் கணினியில் மெனு வராது, கிரப் கட்டளை வரிதான் வரும். உபுண்டு வழிவந்த லினக்ஸ் மின்ட் அந்த அடைவை அப்படியே வைத்திருக்கிறது.

புதுப்பெயரின் உரிமை யாரிடம் என்பதையும் தொடக்கத்திலேயே எழுதிவையுங்கள். ஆண்ட்ராய்டு வழிவந்த சயனோஜென்மாட் சமூகத் திட்டத்தின் பெயர் சயனோஜென் நிறுவனத்தின் கையில் இருந்தது. 2016 டிசம்பரில் நிறுவனம் சேவைகளை நிறுத்தியபோது, சமூகம் லீனியேஜ்ஓஎஸ் என்ற புதுப்பெயரில் தொடர வேண்டியதாயிற்று.