பழைய பிஎஸ்3-இல் புது கிராஃபிக்ஸ் சிப், அதற்கு மேல் ஓவர்கிளாக்: நீண்ட நாள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

சோனியின் பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) கேம் மெஷின் வைத்திருந்தவர்களுக்கு, அது பழுதாகும்போது வரும் அந்த வரிசை மனப்பாடமாக இருக்கும். பவர் பட்டனைத் தொட்டால் பச்சை விளக்கு, அடுத்த நொடியே மஞ்சள், மூன்று பீப் சத்தம், பிறகு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். அதோடு மெஷின் போச்சு. இப்படிப் படுத்த ஒரு மெஷினை எழுப்பி, அதன் கிராஃபிக்ஸ் சிப்பையே மாற்றி, பிற்பாடு ஓவர்கிளாக்கும் (சிப்பை அதற்கு வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இது பற்றி வரும் வீடியோக்கள் பெரும்பாலும் முதல் நாளோடு முடிந்துவிடும். விளக்கு பச்சையானது, கேம் ஓடியது, அவ்வளவுதான். அடுத்த மே மாத வெயிலில் அந்த மெஷின் என்ன ஆனது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் எழுதுகிறேன்.

என்னுடையது சிஇசிஎச்ஏ வகை, 60 ஜிபி. 2006 நவம்பரில் வெளிவந்த முதல் தலைமுறை. இதைப் போய் ஏன் பழுது பார்க்க வேண்டும், பிற்பாடு வந்த மெல்லிய பிஎஸ்3-ஆன ஸ்லிம் ஒன்று வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். இந்த வகையின் போர்டில் பிஎஸ்2-வின் பிரதான பிராசசரான எமோஷன் எஞ்சினும் கிராஃபிக்ஸ் சிப்பான கிராஃபிக்ஸ் சிந்தசைசரும் அப்படியே வன்பொருளாக இருக்கின்றன. பிஎஸ்2 டிஸ்க்கை உள்ளே தள்ளினால் நேராக ஓடும். ஸ்லிம்மில் அது முடியாது. ஒரே பெட்டியில் பிஎஸ்1, பிஎஸ்2, பிஎஸ்3 மூன்றையும் டிஸ்க்கிலிருந்தே ஆடலாம். அந்த வசதிக்காக எவ்வளவு மெனக்கெட்டாலும் தகும் என்பது என் எண்ணம்.

முதலில் நோயைச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் தவறான வைத்தியம் செய்கிறார்கள். ஆர்எஸ்எக்ஸ் என்பது பிஎஸ்3-க்காக என்விடியா வடிவமைத்த கிராஃபிக்ஸ் சிப். முதல் தலைமுறையில் அது 90 நானோமீட்டர் தயாரிப்பு (இந்த எண் சிறியதானால் புதிய தயாரிப்பு, சூடும் குறைவு). போர்டில் அது உட்கார்ந்திருப்பது சால்டர் (உருக்கிப் பற்றவைக்கும் உலோகம்) உருண்டைகளின் மேல். சிப்புக்குள் பார்த்தால், சிலிக்கான் துண்டும் அதன் அடித்தட்டும் இன்னும் நுண்ணிய சால்டர் புடைப்புகளால் இணைந்திருக்கின்றன. அந்தப் புடைப்புகளுக்கு இடையே ஒரு பிசினை நிரப்பியிருப்பார்கள். சூடாகும்போதும் ஆறும்போதும் சிலிக்கான் ஒரு அளவும் அடித்தட்டு ஒரு அளவும் விரிந்து சுருங்கும். அந்த இழுவையைப் பிசின் தாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்துச் சிப்புகளில் போட்ட பிசின், சூடு ஏறினாலே இளகிவிடும் ரகம். பிசின் இளகினால் இழுவை முழுவதும் புடைப்புகள் மேல் விழும். கடைசியில் ஏதோ ஒன்று விரிசல் விடும்.

இது பிஎஸ்3-க்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. 2008 ஜூலையில் என்விடியா தன் லேப்டாப் சிப்புகளில் இதே மாதிரி உள் இணைப்புப் பொருட்கள் பலவீனமாக இருப்பதாக ஒப்புக்கொண்டு, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அதற்கு ஒரு வருடம் முன்னால் எக்ஸ்பாக்ஸ் 360 பழுதாகிச் சிவப்பு விளக்கு வளையம் காட்டும் பிரச்சினைக்காக மைக்ரோசாஃப்ட் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி, உத்தரவாதத்தை மூன்று வருடமாக நீட்டியது. உடைந்தது பாகங்களுக்கு உள்ளே இருந்த இணைப்புகள்தான் என்று 2021-இல் அவர்களே சொன்னார்கள்.

இப்போது ஹீட் கன் (கொதிக்கும் காற்றை ஊதும் கருவி) விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒருவரின் மெஷினை ஒரு கடையில் ஹீட் கன் அடித்து 'சரி' செய்து கொடுத்தார்கள். சில வாரம் ஓடியது. மறுபடி மஞ்சள். மறுபடி அடித்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஓடும் நாள் குறைந்துகொண்டே போய், கடைசியில் போர்டே வளைந்துவிட்டது. சால்டர் உருண்டையில் விரிசல், சூடு காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஈயம் இல்லாத சால்டர் உருக 217 டிகிரியாவது வேண்டும். ஆனால் அதற்கு வெகு கீழே இருக்கும் சூட்டிலேயே செத்த ஆர்எஸ்எக்ஸ் எழுந்து உட்காருவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். உருண்டை உருகவே இல்லை, ஆனாலும் மெஷின் ஓடுகிறது. அப்படியென்றால் கோளாறு உருண்டையில் இல்லை. உள்ளே பிசின் கொஞ்சம் உப்பி, விரிசல் விட்ட புடைப்பு தற்காலிகமாகத் தொட்டுக்கொள்கிறது. அவ்வளவுதான். அதே காரணத்தால் ரீபாலிங்கும் இந்த 90 நானோமீட்டர் சிப்புக்குத் தீர்வு கிடையாது. பழைய சிப்பையே புது உருண்டை போட்டு உட்கார வைத்தால், உள்ளே இருக்கும் விரிசல் அங்கேயேதான் இருக்கும். காசு கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

அதற்காக மஞ்சள் விளக்கு வந்தாலே ஆர்எஸ்எக்ஸ் போய்விட்டது என்றும் முடிவு கட்ட வேண்டாம். போர்டில் சிஸ்கான் என்று ஒரு சின்ன கட்டுப்பாட்டுச் சிப் இருக்கிறது. பவரைப் பார்த்துக்கொள்வதும், பிழை வந்தால் குறித்து வைப்பதும் அதன் வேலை. கடைசி 32 பிழைகள் அதில் பதிவாகியிருக்கும். 3.3 வோல்ட்டில் வேலை செய்யும் யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் ஒன்று, மூன்று மெல்லிய ஒயர், கணினியில் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் இருந்தால் போதும், அந்தப் பதிவைப் படித்துவிடலாம். என் மெஷினில் அடுத்தடுத்து 3034 என்று வந்துகொண்டே இருந்தது. அது ஆர்எஸ்எக்ஸ் தொடக்கத்திலேயே பதில் சொல்லவில்லை என்பதற்கான அடையாளம். பெரும்பாலும் சிப்பின் இணைப்பு போய்விட்டது என்று பொருள். இதுவே 1002 என்று வந்திருந்தால், ஆர்எஸ்எக்ஸுக்குப் போகும் மின்சாரத்தில் சிக்கல். அப்போது சந்தேகம் முதலில் போக வேண்டியது போர்டின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் தட்டையான என்இசி டோகின் கெபாசிட்டர்கள் மேல். அவற்றை எடுத்துவிட்டு டான்டலம் கெபாசிட்டர்கள் போட்டால் சரியாகிவிடும் மெஷின்கள் உண்டு. ஒரு கட்டத்தில் எல்லா மஞ்சள் விளக்குக்கும் இதுதான் காரணம் என்று எல்லோரும் கெபாசிட்டரையே மாற்றிக்கொண்டிருந்தார்கள். பிழைப் பதிவைப் படிக்காமல் சால்டரிங் அயர்னை எடுக்கவே கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

சிப்பை மாற்றும் வேலையை நான் செய்யவில்லை. அதற்கு அடியிலும் மேலும் சூடு காட்டும் பிஜிஏ ஸ்டேஷனும் பழகிய கையும் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் லேப்டாப் சிப் மாற்றிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். செத்துப்போன ஸ்லிம் போர்டு ஒன்றிலிருந்து 40 நானோமீட்டர் ஆர்எஸ்எக்ஸை எடுத்து, உருண்டைகளைப் புதிதாகப் போட்டு, என் போர்டில் உட்கார வைத்தார். சிப்பின் மேல் சிஎக்ஸ்டி 5300 என்று இருந்தால் அது 40 நானோமீட்டர். பழையதில் சிஎக்ஸ்டி 2971 என்று இருக்கும். சும்மா மாற்றி வைத்தால் மட்டும் ஓடாது. பழைய போர்டின் சிஸ்கான் இந்தப் புதுச் சிப்பை எதிர்பார்ப்பதில்லை என்பதால் அதன் அமைப்பையும் திருத்த வேண்டும். முன்பு பிழைப் பதிவைப் படித்த அதே மூன்று ஒயர் இங்கேயும் உதவியது.

அப்புறம் இன்னொரு வேலை, சிப்பின் உலோக மூடியைக் கழற்றுவது. இதை நானே செய்தேன். சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கை எடுத்து, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவுவதை எல்லோரும் செய்வார்கள். ஆனால் மூடிக்கும் சிலிக்கானுக்கும் நடுவே இருக்கும் பேஸ்ட் பல வருடத்தில் காய்ந்து, சுரண்டினால் பொடியாக உதிரும் நிலைக்கு வந்திருக்கும். வெளியே எவ்வளவு நல்ல பேஸ்ட் போட்டாலும் உள்ளே சூடு அடைபட்டுக் கிடக்கும். மூடியின் ஓரத்தில் சிலிக்கோன் பசை ஒட்டியிருக்கிறது. மெல்லிய பிளேடை மூடியின் அடிப்பக்கத்தோடு ஒட்டி, மட்டமாகச் செலுத்த வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஆபத்து, ஏனென்றால் ஆர்எஸ்எக்ஸின் 256 எம்பி ஜிடிடிஆர்3 நினைவகம் நான்கு சிப்புகளாக அதே மூடிக்கு அடியில், சிலிக்கானைச் சுற்றியே உட்கார்ந்திருக்கிறது. பிளேடு அதைத் தொட்டால் கதை முடிந்தது. அதனால் ஆழமாக விடாமல், பசை அறுபடும் அளவுக்கு மட்டும் நுனியை விட்டு நான்கு பக்கமும் பொறுமையாகச் சுற்றி வந்தேன். மூடி 'டக்' என்று விட்டுக்கொடுத்தது. உள்ளே பேஸ்ட் காய்ந்த சந்தனம் மாதிரி வெடித்துக் கிடந்தது.

சரி, ஓவர்கிளாக். பிஎஸ்3 பிறந்து பல வருடம் கழித்துத்தான் இது வீட்டில் செய்யக்கூடிய காரியமாக வந்தது. 2005-இல் அறிவித்தபோது ஆர்எஸ்எக்ஸின் வேகம் 550 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 700 என்று சொன்னார்கள். கடைக்கு வந்தபோது 500, 650 ஆகக் குறைந்திருந்தது. ஆகவே முதல் படி ஓவர்கிளாக் என்பது முதலில் சொன்ன வேகத்தைத் திருப்பி வாங்குவதுதான். கஸ்டம் ஃபர்ம்வேர் (சோனியுடையதற்குப் பதிலாக வெளியாட்கள் மாற்றியமைத்த இயக்க மென்பொருள்) ஏற்றக்கூடிய மெஷினாக இருக்க வேண்டும். பழைய பெரிய பிஎஸ்3-கள் எல்லாம் சேரும், ஸ்லிம்மில் 2500 வரிசை வரை சேரும், சூப்பர் ஸ்லிம் சேராது. தொடங்கும் முன் ஃப்ளாஷ் நினைவகத்தின் நகலை எடுத்து இரண்டு இடத்திலாவது வைத்துக்கொள்ளுங்கள்.

நான் நிறுத்தியிருக்கும் இடம் 600 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 750. கணக்குப் பார்த்தால் நினைவகத்தின் வேகம் நொடிக்கு 20.8 ஜிபியிலிருந்து 24 ஜிபிக்குப் போகிறது. எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த எண்தான். எக்ஸ்பாக்ஸ் 360-இல் கிராஃபிக்ஸுக்கு என்று தனியாக 10 எம்பி அதிவேக நினைவகம் இருந்தது. ஆர்எஸ்எக்ஸுக்கு அது இல்லை. புகை, தூசி, மழை போன்ற ஒளி ஊடுருவும் அடுக்குகளைத் திரும்பத் திரும்ப வரையும்போது பிஎஸ்3 மூச்சு வாங்குவதற்கு அது ஒரு பெரிய காரணம். ஜிடிஏ 4-உம் ரெட் டெட் ரிடம்ஷனும் 360-இல் 720 வரிகளும் பிஎஸ்3-இல் 640 வரிகளுமாக வந்தது நினைவிருக்கும்.

வித்தியாசம் எங்கே தெரிகிறது? கிரான் டுரிஸ்மோ 6-இல் நன்றாகத் தெரிகிறது. அது நொடிக்கு 60 ஃபிரேமைக் குறிவைக்கும் கேம். முன்பெல்லாம் மண் பாதையில் முன்னால் போகும் காரின் புழுதிக்குள் நுழைந்தால் திரை நடுவில் கிழிந்த மாதிரி ஒரு கோடு ஓடும், ஸ்டியரிங் ஒரு கணம் கனத்துப்போன மாதிரி இருக்கும். இப்போது அந்தக் கிழிசல் அபூர்வம். திருப்பத்தில் எங்கே பிரேக் பிடிக்கிறேனோ அங்கே பிடிக்கிறது. காட் ஆஃப் வார் 3-இல் ஃபிரேம் வேகத்துக்குப் பூட்டு இல்லை, அதனால் கூடுதல் வேகம் நேரடியாக அசைவில் தெரிகிறது. பெரிய மைதானத்தில் கூட்டமாக எதிரிகள் வரும்போதும் வாள் வீச்சு வழுக்கிக்கொண்டு போகிறது. 30 ஃபிரேமில் பூட்டிய கேம்களில் மேலே ஏறாது. தாழும் இடங்களில் தாழாமல் நிற்கும், அவ்வளவே. சிக்கல் பிஎஸ்3-இன் பிரதான பிராசசரான செல்லிலோ 256 எம்பி பிரதான நினைவகத்திலோ இருக்கும் கேம்களில் எதுவுமே மாறவில்லை. ஸ்கைரிமில் சேவ் ஃபைல் பெருத்த பிறகு வரும் திணறல் அப்படியேதான் இருக்கிறது. படம் கூர்மையாகும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். கேம் எத்தனை வரியில் வரைகிறதோ அத்தனைதான்.

நினைவகத்தை 800-க்கு ஏற்றியபோது நிழல்களின் ஓரத்தில் சின்னச் சின்ன நிறப் புள்ளிகள் மின்னின. கோர் வேகம் அதிகமானால் திரை உறைந்து நிற்கும். நினைவகம் அதிகமானால் இப்படிப் புள்ளியும் சதுரமும் வரும். எதைக் குறைக்க வேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு படியிலும் ஒரு வாரமாவது ஆடிப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போவது நல்லது. பத்து நிமிடச் சோதனையில் ஒன்றும் தெரியாது, வெயில் காலத்தில்தான் உண்மை வெளிப்படும்.

90 நானோமீட்டர் சிப்போடு இருப்பவர்கள் ஓவர்கிளாக் செய்யலாமா என்று கேட்டால், என் பதில் வேண்டாம் என்பதுதான். ஏற்கெனவே சூட்டில் இளகும் பிசின் அது. அவர்கள் செய்ய வேண்டியது எதிர்த் திசை: ஃபேனைக் கட்டுப்படுத்த உதவும் வெப்மேன் மாட் என்ற மென்பொருளைப் போட்டு, ஃபேன் கட்டுப்பாட்டில் இலக்கு வெப்பநிலையை 65 டிகிரி சுமாருக்கு வைத்துக்கொள்வது. கம்பெனி வைத்த ஃபேன் அமைப்பு சத்தம் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சூட்டை ஏற விடுகிறது. சத்தம் கூடும்தான், ஆனால் சிப் பிழைக்கும்.

என் மெஷினில் சிப் மாறிய பிறகு ஃபேன் சத்தம் வெகுவாகக் குறைந்துவிட்டது, ஓவர்கிளாக் செய்த பிறகும் கூட. 40 நானோமீட்டர் சிப் இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் மின்சாரப் பாகங்களும் முன்பு போலக் கொதிப்பதில்லை. சென்னை மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில் மதியம் ஆடியும் மஞ்சள் விளக்கு திரும்பவில்லை. இடையில் ஒருமுறை ஹீட் சிங்க் தூசியை ஊதினேன், வேறு எதையும் தொடவில்லை.

இப்போது அதில் அதிகம் சூடாவது செல் பிராசசர்தான். அது இன்னும் பழைய 90 நானோமீட்டர், அதன் மூடியை நான் கழற்றவில்லை. இரண்டுக்கும் ஒரே ஃபேன் என்பதால் ஃபேன் வேகத்தை இனி முடிவு செய்வது செல்லின் சூடு. ஆர்எஸ்எக்ஸ் மாதிரி உள் இணைப்பு விட்டுப்போகும் கோளாறு செல்லில் அதிகம் கேள்விப்பட்டதில்லை, ஆனால் அதன் உள் பேஸ்ட்டுக்கும் அதே வயதுதான். மழைக்காலத்துக்குள் அதையும் திறந்து பேஸ்ட் மாற்றிவிடுவதாக இருக்கிறேன்.