ஹேங் ஆன ப்ரோகிராம்: கண்ட்ரோல்+சி-யா, கில்லா, கில் -9-ஆ?

லினக்ஸில் சோதித்துப் பார்க்கும் ப்ரோகிராம் பதில் சொல்லாமல் நின்றுவிட்டால், பலருக்கும் கை முதலில் போவது அதை வலுக்கட்டாயமாகக் கொல்லும் கில் -9 கட்டளைக்குத்தான். அது கடைசியில் வர வேண்டியது. எந்த இடத்தில் சிக்கி நின்றது என்ற தடயம், ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்) உயிரோடு இருக்கும்வரைதான் கிடைக்கும்.

கண்ட்ரோல்+சி அனுப்புவது சிக்இன்ட் என்ற சிக்னல் (ப்ராசஸுக்குப் போகும் அறிவிப்பு), எண் 2. டெர்மினலில் முன்னால் ஓடும் ப்ராசஸ் கூட்டம் முழுவதற்கும் அது போகும். பைத்தானில் கீபோர்டுஇன்டரப்ட் என்ற பிழை எழுந்து, நின்ற வரியை ட்ரேஸ்பேக்கிலேயே (பிழை வந்த வழியைக் காட்டும் பட்டியல்) காட்டிவிடும். அதனால் முதல் முயற்சி இதுதான். ஆனால் ரீட்ரை லூப்புக்குள் வெறும் 'எக்ஸெப்ட்:' இருந்தால், அது இன்டரப்டையும் விழுங்கிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விடும். 'எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்:' என்று மாற்றுங்கள். சி-யில் எழுதிய லைப்ரரிக்குள் நீண்ட கணக்கு ஓடிக்கொண்டிருந்தாலும், அது முடிந்து பைத்தானுக்குத் திரும்பும்வரை சிக்னல் காத்திருக்கும்.

கண்ட்ரோல்+இசட் ப்ராசஸை முடிக்காது, உறைய மட்டும் வைக்கும். அது போர்ட் 8000-இல் ஓடும் சர்வர் என்றால், அந்தப் போர்ட் அதனிடமே இருக்கும். சர்வரை மறுபடி ஓட்டினால் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' வரும். ஜாப்ஸ் என்று அடித்துப் பாருங்கள், எஃப்ஜி கொடுத்து முன்னால் கொண்டுவந்து முடியுங்கள்.

கொல்லும் முன் தடயம் எடுக்க கண்ட்ரோலும் பின்சாய்கோடும்: சிக்குவிட், எண் 3. இங்கே மொழிக்கு மொழி நடத்தை மாறும். ஜாவா எல்லா த்ரெட்களின் (ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஸ்டாக்கையும், அதாவது எந்த ஃபங்ஷனுக்குள் எது நிற்கிறது என்ற பட்டியலையும், அச்சிட்டுவிட்டுத் தொடர்ந்து ஓடும். இரண்டு த்ரெட்கள் ஒன்றின் லாக்குக்காக மற்றொன்று காத்து நின்றால் அந்த டெட்லாக்கையும் பெயர் சொல்லிக் காட்டும். கோ மொழி ஸ்டாக்கை அச்சிட்டுவிட்டு வெளியேறும். பைத்தான் ஸ்டாக் எதையும் காட்டாமல் செத்துவிடும். பைத்தானுக்கு வேறொரு டெர்மினலிலிருந்து சூடோவோடு, ஓடும் ப்ராசஸின் ஸ்டாக்கைக் காட்டும் பை-ஸ்பை என்ற கருவியால் டம்ப் எடுப்பதே நல்லது.

எண் இல்லாத கில் அனுப்புவது சிக்டெர்ம், 15. ஹேண்ட்லர் (சிக்னல் வந்தால் ஓட வேண்டிய ஃபங்ஷன்) எழுதியிருந்தால் டேட்டாபேஸ் இணைப்பை மூடி, தற்காலிக ஃபைல்களை அழித்துவிட்டுப் போகும். எழுதாத பைத்தான் ப்ரோகிராமில் 'ஃபைனலி' பகுதிகூட ஓடாது, பலர் கவனிக்காத இடம் இது.

கில் -9-ஐ ப்ரோகிராமால் பிடிக்கவே முடியாது, லினக்ஸின் மையப்பகுதியான கர்னலே முடித்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு முறை ஓடாமல் தடுக்க ப்ரோகிராம் போட்ட லாக் (பூட்டு) ஃபைல் அப்படியே கிடக்கும்; அடுத்த ஓட்டம் 'ஏற்கெனவே ஓடுகிறது' என்று மறுக்கும். குழந்தை ப்ராசஸ்கள் அநாதையாகித் தொடர்ந்து ஓடும், போர்ட்டையும் விடாது. கில் -9-க்கும் அசையாதவை உண்டு: பிஎஸ் பட்டியலில் 'டி' நிலை என்றால் டிஸ்க் அல்லது என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக வரும் ஃபைல் சேமிப்பு) பதிலுக்காகக் கர்னலுக்குள் காத்திருக்கிறது என்று பொருள், அந்தப் பதில் வரும்வரை கில் காத்திருக்கும். 'இசட்' என்றால் ஏற்கெனவே செத்தது; அதைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியது அதைத் தொடங்கிய பெற்ற ப்ராசஸ்.

தானாக ஓடும் டெஸ்ட்களில் இதே வரிசையைக் கைபடாமல் வைக்க, 'டைம்அவுட் -கே 5 30' என்று முன்னால் சேருங்கள்: 30 விநாடியில் டெர்ம், அதற்கும் அடங்காவிட்டால் 5 விநாடி கழித்து கில். வெளியேறும் எண் 124 என்றால் டெர்முக்கே அடங்கியது; 137 என்றால் கில் வரை போயிருக்கிறது, ஹேண்ட்லரைப் பாருங்கள்.