சக்கிங் மெசினா, தினசரி மருந்துக் கட்டா?

வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் பெரியப்பாவுக்குச் சீனி வருத்தத்தால் கால் பெருவிரலை எடுக்க வேண்டி வந்தது. மிஞ்சிய குழியை ஆற்ற இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, தினமும் சலைனால் (உப்புநீரால்) கழுவி, கோஸ் துணி வைத்துக் கட்டுவது. மற்றது எதிர்மறை அழுத்த சிகிச்சை, அதாவது புண்ணில் ஊறும் நீரை மெசினால் உறிஞ்சி எடுப்பது. வாட்டில் அதை ‘வாக்’ என்றார்கள். இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

வாக்கில், குழியின் அளவுக்கு வெட்டிய ஸ்பொஞ்சை உள்ளே வைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் காற்றுப் புகாமல் ஒட்டி, ரியூப்பால் மெசினோடு இணைக்கிறார்கள். இழுக்கும் அழுத்தம் வழக்கமாக 125 மில்லிமீற்றர் பாதரசம். மெசினைப் போட்டதும் உப்பியிருந்த ஸ்பொஞ்ச் சுருங்கிவிட்டது. தொட்டால் கட்டை மாதிரி. புண்ணில் ஊறும் நீர் டப்பாவில் சேர்கிறது, வீக்கம் வடிகிறது, ஓரங்கள் நெருங்குகின்றன, புதுச் சதை வளர்கிறது. கட்டு மாற்றுவது 2, 3 நாளைக்கு ஒரு தடவைதான்.

தினசரிக் கட்டு மலிவு, வீட்டிலேயே செய்யலாம். ஆனால் காய்ந்த கோஸைப் பிரிக்கும்போது புதுச் சதையும் சேர்ந்து பிய்ந்து வரும். கால் மரத்திருந்ததால் பெரியப்பாவுக்கு நோகவில்லை. கோஸில் ரத்தப் பொட்டைப் பார்த்த எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நனைத்துவிட்டுப் பிரிக்க அப்புறம்தான் பழகினேன்.

மெசினுக்கும் தொல்லை உண்டு. கணுக்காலருகே தாள் கொஞ்சம் கிளம்பினாலே ‘ஸ்ஸ்’ என்று காற்று இழுக்கும், நடுச்சாமத்தில் அலாரம் அடிக்கும். 2 மணித்தியாலத்துக்கு மேல் நின்றுபோனால் ஸ்பொஞ்சை எடுத்துவிட்டுப் புதுக்கட்டுப் போட வேண்டும். கறுத்துச் செத்த சதை, புற்றுநோய்ப் புண், மருந்து கொடுக்காத எலும்புக் கிருமி, வெளியே தெரியும் ரத்தக்குழாய் இருந்தால் இதைப் போடக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ரியூப்பில் சிவப்பாக ரத்தம் ஓடினால் மெசினை நிறுத்தி, அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சீனி வருத்தக்காரரின் சத்திரசிகிச்சைப் புண் வாக்கில் கூடுதலாக ஆறலாம் என்று ஆய்வுகள் சொன்னாலும், அந்தச் சான்று அவ்வளவு பலமானதல்ல. என் அபிப்பிராயம்: ஆழமான, நீர் வடியும் குழிக்கு மெசின், மேலோட்டமான புண்ணுக்குச் சாதாரணக் கட்டே போதும். காலுக்கு ரத்தம் போகாவிட்டால், சீனி இறங்காவிட்டால், அந்தப் பாதத்தை ஊன்றி நடந்தால் எதைப் போட்டும் ஆறாது.

குழி நிரம்பி மட்டமானதும் பெரியப்பாவின் மெசினைக் கழற்றினோம். மிச்சத்தைக் கோஸ் பார்த்துக்கொண்டது.