3 கிலோவாட் சோலார் இன்வெர்ட்டர்: குளச்சல் உப்புக்காற்றில் 11 மாதம்

தக்கலையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். வீடு குளச்சலில், கடலுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. போன ஆவணியில் மாடியில் ஆறு பேனல் போட்டு, 3 கிலோவாட் சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் மாட்டினோம். பேட்டரி கிடையாது, மின்வாரிய லைனோடு நேராகச் சேரும் வகை.

இதில் விசிறி இல்லாததுதான் எனக்கு முதலில் பிடித்தது. பின்பக்க அலுமினியத் தகடுகளே சூட்டை வெளியேற்றிவிடும். எங்கள் உப்புக்காற்றில் சின்ன விசிறிகள் சீக்கிரம் இறுகிப்போவதைக் கடையில் தினமும் பார்க்கிறவன் நான். அப்புறம், இதற்கு எம்பிபிடி (ஒரு வரிசைப் பேனலிலிருந்து அந்தந்த நேரத்தில் கிடைக்கும் அதிகபட்ச மின்சாரத்தை எடுக்கும் பகுதி) இரண்டு, வரிசைக்கு ஒன்று. மூன்று மணிக்கு மேல் தென்னை நிழல் ஒரு வரிசைப் பேனலில் விழும். அது குறைந்தாலும் மற்ற வரிசை முழுசாகத் தருகிறது.

பங்குனி வெயிலில்தான் தொல்லை வந்தது. உச்சிப்பொழுதில், நல்ல உற்பத்தி வரும் நேரம் பார்த்து நின்றுவிடும். திரையில் 'கிரிட் (மின்வாரிய லைன்) வோல்டேஜ் அதிகம்' என்று வரும். விற்ற கடையில் "உங்க ஏரியா லைன் அப்படி" என்று கைவிரித்தார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நானே அளந்தேன்: மின்வாரிய மீட்டர் முனையில் 245 வோல்ட், இன்வெர்ட்டர் முனையில் 252. இதன் வரம்பு 253, தாண்டினால் நின்றுவிடும். நடுவில் 40 மீட்டருக்கு ஒல்லியான 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்திருக்கிறார்கள்! லைனுக்குள் 13 ஆம்பியரைத் தள்ள வேண்டுமானால், வயரில் இழக்கும் வோல்டேஜையும் சேர்த்து இன்வெர்ட்டர் உயர்ந்து நிற்க வேண்டும். 6 சதுர மில்லிமீட்டர் வயர் மாற்றினேன். வித்தியாசம் 3 வோல்ட்டாக இறங்கியது. அதன்பிறகு ஒருநாளும் நிற்கவில்லை. பழி பெட்டிமேல் அல்ல, வயர்மேல்.

கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். "வெயில் இப்படி காயுது, நம்ம ஃபேன் ஏன் ஓடல?" என்று வீட்டில் கேட்டாள். லைன் செத்துவிட்டது என்று நம்பி போஸ்ட்டில் ஏறுகிறவர் உயிருக்காகத்தான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். கரண்ட் திரும்பியதும் உடனே பாயாது. வோல்டேஜும், லைனின் அலை நொடிக்கு 50 முறை என்ற வேகமும் (50 ஹெர்ட்ஸ்) நிலையாக இருக்கிறதா என்று சிறிது நேரம் பார்த்து, லைனின் அலையோடு அலை பொருந்திய பிறகே சேரும். அந்த நிதானம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

வாங்குகிறவர்கள் வயர் தடிமனையும் தூரத்தையும் பில்லில் எழுதி வாங்குங்கள். புது வயருக்கான காசை நான் அந்தக் கடையில் கேட்டிருக்கிறேன். இன்னும் தரவில்லை.