சென்னையா, மதுரையா, சொந்த ஊரா: பெற்றோரின் நீண்ட புற்றுநோய்ச் சிகிச்சையை எங்கே வைத்துக்கொள்வது?

செட்டிநாட்டில் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், பெரிய வீட்டில் அப்பச்சியும் ஆத்தாவும், அதாவது அப்பாவும் அம்மாவும், மட்டும் இருக்க, பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற குடும்பங்கள் இன்று மிகுதி. அப்படிப்பட்ட வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவு வந்தவுடன், நோயைப் பற்றிய பேச்சுக்கு முன்னால் இடத்தைப் பற்றிய பேச்சுதான் கிளம்புகிறது. எங்கள் ஆத்தாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோதும் அப்படித்தான். அண்ணன் சென்னை என்றார்; ஆச்சி, அதாவது அக்கா, மதுரை என்றார்; ஆத்தாவோ எதற்கும் சரி என்று சொல்லவில்லை. அந்தப் பேச்சில் கலந்துகொண்டவன் என்ற முறையிலும், அதன்பின் சிகிச்சை முழுவதும் உடனிருந்தவன் என்ற முறையிலும், மூன்று வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்: எல்லாவற்றையும் சென்னைக்கு மாற்றிக்கொள்வது, ஊரில் இருந்தபடி மதுரைக்குப் போய்வருவது, என்ன சிகிச்சை என்ற முடிவும் அறுவையும் சென்னையில், மருந்து மதுரையில், இருப்பு ஊரில் என்று பிரித்துக்கொள்வது.

ஒப்பிடும்போது நாம் பெரும்பாலும் மருத்துவமனையின் பெயரைத்தான் எடைபோடுகிறோம். ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ என்கிற புற்றுநோய் மருந்தை ஏற்றுகிற சிகிச்சையில், நோயாளி மருத்துவமனையில் இருப்பது ஒரு நாள், வீட்டில் இருப்பது இருபது நாள். அந்த இருபது நாளில் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது, வாய் புண்ணானால் யார் கஞ்சி வைப்பது, இரவில் வயிற்றுப்போக்கு நிற்காவிட்டால் யாரை அழைப்பது என்ற கேள்விகளுக்கு எந்த வழி நல்ல விடை தருகிறதோ, அதுவே அந்தக் குடும்பத்துக்குச் சரியான வழி என்பது என் கருத்து.

சென்னையின் பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. நமக்குப் பக்கத்து ஊரான புதுக்கோட்டையில் பிறந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். டாக்டர் வி. சாந்தா போன்றவர்கள் வாழ்நாளையே கொடுத்து வளர்த்த அந்த நிறுவனத்திலும், சென்னையின் பிற பெரிய மருத்துவமனைகளிலும், அறுவை நிபுணர், கீமோ நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், திசுவைப் பரிசோதிக்கும் நோய்க்குறியியல் நிபுணர் ஆகியோர் ஒன்றாக உட்கார்ந்து ஒரு நோயாளியின் அறிக்கைகளைப் பார்த்து முடிவு சொல்கிற வழக்கம் இருக்கிறது. முதல் முடிவு பிசகினால் பின்னால் எவ்வளவு செலவழித்தாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாத நோய் இது என்பதால், அந்த ஒரு கட்டத்துக்காகச் சென்னைக்குப் போவது எந்தக் குடும்பத்துக்கும் வீண் அலைச்சல் ஆகாது. பயாப்சிக் கண்ணாடித் தகடுகளையும் திசுவைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டிகளையும் முதலில் பரிசோதித்த ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கி உடன் எடுத்துச்செல்ல வேண்டும். அறிக்கைத் தாள் மட்டும் போதாது.

ஆனால் முடிவு எடுத்த பிறகும் அங்கேயே ஆறு மாதம் தங்குவது வேறு விஷயம். மகன் வீடு என்பது பெரும்பாலும் இரண்டு படுக்கையறை உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. மகனும் மருமகளும் காலையில் வேலைக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகே திரும்புவார்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஊரில் வளவில் (நடுமுற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) உட்கார்ந்து தெருவே கேட்கப் பேசிக்கொண்டிருந்த ஒரு அம்மா, அங்கே பகல் முழுவதும் தொலைக்காட்சியோடு தனித்திருப்பார். பசியும் தூக்கமும் ஏற்கெனவே குறைந்திருக்கிற உடம்பை இந்தத் தனிமை மேலும் இறக்கிவிடுவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட உறவுக் குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். மருமகள் மேல் விழுகிற சுமையைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, பேச வேண்டும். அவர் வேலையை விட்டுவிடுவார் என்று எல்லோரும் மனத்துக்குள் எண்ணிக்கொண்டு சென்னையைத் தேர்ந்தெடுப்பது நியாயமே இல்லை.

இனி மதுரை. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாகக் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். அரசுத் தரப்பில் இராசாசி மருத்துவமனையும் பாலரெங்காபுரத்திலுள்ள புற்றுநோய் மையமும் இருக்கின்றன. தனியார் மருத்துவமனைகளிலும் கீமோ, கதிர்வீச்சு, அறுவை மூன்றும் கிடைக்கின்றன. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டத்தாருக்குத் திருச்சியும் தஞ்சாவூரும் ஏறத்தாழ இதே கணக்கில்தான் வரும் என்பதால் அவற்றைத் தனியாக எடுத்துப் பேசவில்லை. வேலூர் சி.எம்.சி. பெயர்பெற்ற இடம்தான், நம் பக்கத்திலிருந்து அடிக்கடி போய்வருவதற்கு அல்ல, இரண்டாவது கருத்துக் கேட்பதற்கு ஏற்றது.

போய்வருகிற வழி தாங்குமா என்பதைத் தீர்மானிப்பது தூரம் மட்டுமல்ல, மருந்துத் திட்டமும்தான். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைக்குப் பிறகு கொடுக்கிற கீமோவில் இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. ஒன்றில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றி, அதன் தொடர்ச்சியாக 46 மணி நேரம் ஒரு சிறிய பம்ப் வழியே மருந்து இறங்கிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றுவதற்கு மறுபடியும் போக வேண்டும், அல்லது மதுரையிலேயே தங்க வேண்டும். மற்றொன்றில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து சுமார் இரண்டு மணி நேரம் ஏறும்; அதன்பின் 14 நாள் கேப்சிடபின் மாத்திரை, 7 நாள் ஓய்வு. காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்ப இடம் கொடுப்பது இரண்டாவது முறை. எது பொருந்தும் என்பதைச் சிறுநீரகத்தின் நிலை முதலியவற்றைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆயினும், நாங்கள் காரைக்குடியிலிருந்து வருகிறோம், இந்த நோயாளிக்கு இரண்டும் சரி என்றால் எது எங்களுக்கு எளிது என்று வாய்விட்டுக் கேட்கிற உரிமை குடும்பத்துக்கு உண்டு. நாம் சொல்லாவிட்டால் நம் ஊர் எத்தனை தொலைவு என்று அவருக்குத் தெரியாது.

ஊரில் கரண்டு வைப்பது என்று சொல்கிற கதிர்வீச்சுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அது பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள், நோயைப் பொறுத்து மூன்று வாரத்திலிருந்து ஏழு வாரம் வரை நடப்பது. கர்ப்பப்பை வாய், வாய், தொண்டை ஆகிய இடங்களின் புற்றுநோயில் இடையில் நாள்கள் விட்டுப்போவது சிகிச்சையின் பலனையே குறைக்கும். தினமும் நான்கு மணி நேரம் காரில் உட்காரவைத்து எரிந்த தோலோடு ஒரு வயதானவரை இழுத்தடிப்பது கொடுமை. கதிர்வீச்சு என்றால், மதுரையோ சென்னையோ, சிகிச்சை நடக்கிற ஊரிலேயே அறை எடுத்துத் தங்கிவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது.

ஊர் வீட்டின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அதன் தீமைகளைத்தான் நாம் பார்ப்பதில்லை. செட்டிநாட்டு வீடு திருமணம் நடத்துவதற்குக் கட்டப்பட்டது. நோயாளி படுத்திருப்பதற்கு அல்ல. தெருவிலிருந்து திண்ணைக்கு உயரமான கல்படிகள். ஒவ்வொரு கட்டுக்கும் (வீட்டின் அடுத்தடுத்த பகுதி) இடையே தடுக்குகிற நிலைப்படி. கழிப்பறையோ பல வீடுகளில் கடைசிக் கட்டுக்கும் அப்பால். ஆக்சாலிபிளாட்டின் ஏறியவருக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல்களில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். குளிர்ந்த தண்ணீர் தொண்டையில் இறங்கினால் மூச்சே அடைப்பதுபோல் திணறுவார். சில மாதங்களில் பாதங்கள் மரத்துப்போகும். கோடையில் நாமெல்லாம் வெறுங்காலோடு நடந்து மகிழ்கிற ஆத்தங்குடி ஓடு பதித்த தரை, மரத்த பாதத்துக்குச் சில்லென்றும் வழுவழுப்பாகவும் இருந்து அவரை விழவைக்கப் பார்க்கும். எங்கள் வீட்டில் ஆத்தாவின் கட்டிலை இரண்டாங்கட்டிலிருந்து முகப்பை (வீட்டின் முன்பகுதியை) ஒட்டிய அறைக்கு மாற்றினோம். அறைக்குள்ளேயே கமோடு நாற்காலி போட்டோம். வழுக்காத அடிப்பாகம் உள்ள செருப்பும் காலுறையும் இல்லாமல் தரையில் கால் வைக்க விடவில்லை. குளிக்கவும் குடிக்கவும் வெந்நீர்தான். தண்ணீர்ச் செம்பைக்கூடத் துணியில் சுற்றித்தான் கையில் கொடுத்தோம். பித்தளை அந்த அளவுக்கு அவருக்குச் சுட்டது, குளிர்ச்சியால்.

சமையலும் அப்படியே. வாய்ப்புண் வந்தவருக்கு மிளகாயும் புளியும் ஆகாது; மசாலா வறுக்கிற வாசனைக்கே குமட்டும். அடுப்படி பின்கட்டில் இருப்பது இங்கே வசதியாகிவிடுகிறது, அடுக்குமாடி வீட்டில் அந்த வாசனைக்குத் தப்ப இடமில்லை. பாலில் ஊறிய இடியாப்பம், குழைந்த பருப்புச் சாதம், நன்றாக வெந்த முட்டை, மீன் சாப்பிடுகிறவர்களுக்கு முள் நீக்கிய அவித்த மீன் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுப்பதற்கு ஊரில் ஆள் இருக்கும். பார்க்க வருகிற கூட்டம்தான் பெரிய தொல்லை. வராவிட்டால் மனத்தாங்கல், வந்தால் தொற்று. சளி, காய்ச்சல் உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் வரவேண்டாம் என்றும், மற்றவர்கள் கீமோ முடிந்த மூன்றாவது வாரத்தில் வரலாம் என்றும் பெரியப்பச்சி வீட்டின் வழியாகச் சொல்லியனுப்பினோம். மூத்தவர் ஒருவர் வாயிலிருந்து வந்ததால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

சொந்த ஊரில் இருப்பதற்கு எதிரான மிக வலுவான வாதம் காய்ச்சல். கீமோ ஏறி ஏறக்குறைய 7 முதல் 14 நாள்களில் வெள்ளணுக்கள் மிகக் கீழே இறங்கும். அப்போது உடல்வெப்பம் 100.4 பாரன்ஹீட்டை எட்டினால் அது அவசரநிலை. பாராசிட்டமால் கொடுத்துக் காலை வரை பார்ப்போம் என்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஒரு மணி நேரத்துக்குள் இரத்தக் குழாய் வழியே ஆன்டிபயாடிக் ஏறத் தொடங்க வேண்டும் என்பதே மருத்துவ விதி. இரவு இரண்டு மணிக்கு மதுரை இரண்டு மணி நேரத் தொலைவு. ஆகவே ஊர் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள், முதல் கீமோவுக்கு முன்பே காரைக்குடியில் இரவில் மருத்துவர் இருக்கிற ஒரு மருத்துவமனைக்குக் கோப்போடு நேரில் போய்ப் பேசிவைக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் முதலில் என்ன பரிசோதனை, எந்த ஆன்டிபயாடிக் என்று கீமோ மருத்துவரிடமிருந்து ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனால் அங்கே தயக்கம் இருக்காது. இப்படி ஓர் ஏற்பாடு செய்ய முடியாத குடும்பம், அல்லது பெற்றோர் இருவரும் தனியாக மட்டுமே இருக்கிற குடும்பம், ஊர் வழியை விட்டுவிட வேண்டும் என்றே சொல்வேன்.

மூன்றாவது, அதாவது பிரித்துச் செய்கிற வழிக்கு ஒரு பெரிய குறை உண்டு. அறுவை செய்தவர் ஓரிடம், மருந்து ஏற்றுபவர் ஓரிடம், காய்ச்சலுக்குப் பார்ப்பவர் ஓரிடம் என்றால், முழுப் பொறுப்பு யாருக்கு என்பது எளிதில் மங்கிவிடும். நாங்கள் ஒரு முறை வேறொரு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைக்குப் போனபோது, மார்பில் பதித்திருந்த கீமோ போர்ட்டில் (மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் வைக்கிற சிறு கருவி) சாதாரண ஊசியை ஏற்றப் பார்த்தார்கள். அதற்கென்று உள்ள தனி ஊசியால்தான் குத்த வேண்டும் என்று நாங்களே சொல்லித் தடுக்க வேண்டியிருந்தது. இதனால் நோயாளியின் கோப்பை ஒருவரே வைத்திருப்பது கட்டாயம்: பயாப்சி அறிக்கை, அறுவைக் குறிப்பு, ஸ்கேன் தகடு, ஒவ்வொரு கீமோவிலும் ஏற்றிய மருந்தும் அளவும், ஒவ்வொரு இரத்தப் பரிசோதனை எண்ணும் நாள்வரிசையில். இந்தக் குறையையும் மீறி எங்கள் குடும்பம் இந்த வழியைத்தான் எடுத்தது. முடிவின் தரத்தையும் வீட்டின் ஆதரவையும் சேர்த்துத் தருவது இது ஒன்றுதான்.

யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு பழக்கம் இருக்கிறது. படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கோயில் காரியத்துக்கும் புள்ளிவாரியாக (திருமணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு கணக்காக வைத்து) முறை வைத்துக்கொள்கிற நாம், நோயாளியைப் பார்ப்பதற்கு மட்டும் அருகில் இருக்கிற மகளையே நம்பிவிடுகிறோம். ஒவ்வொரு கீமோ சுற்றும் ஒருவர் முறை என்று வைத்து, அந்த மூன்று வாரமும் அவர் ஊரில் இருப்பது என்று நாங்கள் எழுதிவைத்துக்கொண்டோம். சிங்கப்பூரிலிருந்து வர முடியாத தம்பி, பணத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், மருத்துவமனைகளோடு பேசுவதையும் கோப்பைக் கணினியில் ஏற்றிவைப்பதையும் தன் முறையாக எடுத்துக்கொண்டார்.

செலவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பட்டியலில் உள்ள மருத்துவமனையா, மருந்தை வேறிடத்துக்கு மாற்றினால் அங்கும் முன் அனுமதி வாங்கலாமா என்று தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும். இரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை, உடன் போகிற ஒருவருக்கு 75 விழுக்காடு. மருத்துவமனை தருகிற சான்றிதழைக் கவுண்டரில் காட்ட வேண்டும்.

ஆத்தாவுக்கு நோயின் பெயரைச் சொல்வதா என்பதில் எங்களுக்குள் இரு கருத்து இருந்தது. பெயர் தெரியாத ஒருவரிடம் சென்னையா ஊரா என்று கேட்க முடியாது. கேட்காமல் தூக்கிச் செல்லத்தான் முடியும். சொன்னோம். அதன்பின் அவரே முடிவு செய்தார்: அறுவைக்கு எங்கே வேண்டுமானாலும் வருகிறேன், மருந்து நாளில் மதுரைக்கும் வருகிறேன், மற்ற நாள் என் வீட்டில்தான்.

நோய் பரவிவிட்டது என்று ஸ்கேன் சொன்னால் இந்த ஒப்பீட்டை மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அப்போது மருத்துவமனையின் எடை குறைந்து வீட்டின் எடை கூடும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சைக்கும் வீடு தேடி வருகிறார்கள். போதைப்பொருள் சட்டம் 2014-இல் திருத்தப்பட்ட பிறகு, கடும் வலியைத் தணிக்கிற மார்பின் (morphine) மாத்திரை பெறுவது முன்பைவிட எளிது என்றாலும், அங்கீகாரம் பெற்ற இடங்களில்தான் அது கிடைக்கும். வலி முற்றிய பிறகு அந்த இடத்தைத் தேடினால் கையில் கிடைப்பதற்குள் பல இரவுகள் போய்விடும். ஆகையால் கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே, மருத்துவரிடம் கேட்டு, நம் வீட்டுக்கு மிக அருகில் மார்பின் கிடைக்கிற இடத்தின் பெயரைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.