புதுக் கிளட்ச் 11 நாளில் கருகியது: ரசீதை மட்டும் நம்பிப் பட்டறையை விட்டு வராதீர்கள்

என் கார் 1993 ஹோண்டா சிவிக் ஈஜி. அண்ணன் கல்யாணமாகி ஜொகூருக்குப் போனபோது சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே இருப்பது ஹாஃப் கட்டிலிருந்து (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய காரிலிருந்து) எடுத்துப் போட்ட பி16ஏ இன்ஜின், 1.6 லிட்டர் விடெக். பழைய கிளட்ச் தேய்ந்து முடிந்ததும், மாற்றுவதுதான் மாற்றுகிறோம், கொஞ்சம் பலமானதாகவே போட்டுவிடலாம் என்று அண்ணனும் நானும் பேசி முடிவெடுத்தோம். கோலாலம்பூரில் செகாம்புட் பக்கம் ஒரு பட்டறையில் காரை விட்டேன். புகார் விசாரணைக்குப் போகிறது, அதனால் பட்டறையின் பெயரைப் போடவில்லை. அங்கே நடந்தது எந்தப் பட்டறையிலும் நடக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

ரசீதில் இருந்தது இது: டிஸ்க், பிரஷர் பிளேட் 1,450 வெள்ளி (ரிங்கிட்), கூலி 350, ஃப்ளைவீல் ஸ்கிம் 80, ரிலீஸ் பேரிங் 90. மொத்தம் 1,970 வெள்ளி. ஃப்ளைவீல் என்பது இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம். பிரஷர் பிளேட் டிஸ்க்கை அதன்மேல் இறுக்கிப் பிடிக்கும், பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் அந்தப் பிடியை விடுவிக்கும். ஸ்கிம் என்றால் ஃப்ளைவீலின் முகத்தைக் கடைசலில் சீவிச் சமமாக்குவது. "பழைய சாமான் எங்கே அண்ணே?" என்று கேட்டேன். "அதெல்லாம் பழைய இரும்புக்காரன் காலையிலேயே அள்ளிட்டுப் போயிட்டான் தம்பி" என்றார் முதலாளி. அந்த இடத்திலேயே நான் காசை நிறுத்தி வைத்திருக்க வேண்டும்.

காரை வெளியே எடுக்க ரிவர்ஸ் போட்டேன். கியர் கரகரவென்று அரைத்தது. முதலாளி ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். ஐந்து நிமிடம்தான். "சரி பண்ணிட்டேன், இப்பப் போடுங்க" என்றார். ரிவர்ஸ் வெண்ணெய் மாதிரி விழுந்தது. இந்த ஐந்து நிமிடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

கிளம்பும்போது ஒரு யோசனையும் சொன்னார்: "ஹைவேயில ஏறி ஈப்போ வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வந்துருங்க, கிளட்ச் செட் ஆயிரும்." இதைப் பல பட்டறைகளில் சொல்கிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். புதுக் கிளட்ச் பழகுவது உராய்வில். டிஸ்க்கின் முகமும் ஃப்ளைவீலின் முகமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும். அந்த உராய்வு நடப்பது நாம் பெடலை விடும் ஒன்றிரண்டு வினாடியில் மட்டும். ஐந்தாவது கியரில் 200 கிலோமீட்டர் ஓடினாலும் டிஸ்க் ஃப்ளைவீலோடு இறுகி ஒன்றாகத்தான் சுற்றும், அங்கே பழக எதுவுமே இல்லை. தயாரிப்பாளர்கள் பலர் சொல்லும் கணக்கு, ஊருக்குள் நின்று நின்று ஓட்டும் 500 மைல், அதாவது சுமார் 800 கிலோமீட்டர். அதுவரை ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தக் கூடாது. ஆர்பிஎம்மை (இன்ஜின் சுற்றும் வேகத்தை) ஏற்றி வைத்துக்கொண்டு பெடலைச் சட்டென்று விடக் கூடாது. மேட்டில் பாதிக் கிளட்சிலேயே காரைத் தாங்கி நிற்கக் கூடாது.

நான் ஈப்போ போகவில்லை. கெப்போங்கிலிருந்து ஜாலான் கூச்சிங் வழியாக வேலைக்குப் போய் வந்தேன், அவ்வளவுதான். நாலாம் நாள் சாயங்காலம், ஜாமில் முக்கால் மணி நேரம் ஊர்ந்த பிறகு மூன்றாவது கியரில் மிதித்தேன். ஆர்பிஎம் முள் துள்ளி மேலே போனது, வேகம் ஏறவில்லை. கிளட்ச் வழுக்குகிறது. மறுநாள் காலையில் எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல இறுக்கமாகப் பிடிக்கிறது. சாயங்காலம் ஜாமில் சூடானதும் மறுபடியும் வழுக்கல்.

இரண்டு தடவை பட்டறைக்குக் கொண்டுபோனேன். இரண்டு தடவையும் காலை ஒன்பது மணிக்கு, இன்ஜின் சூடாவதற்குள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஒண்ணும் இல்லையே தம்பி, புதுசுதானே, பழகிரும்" என்று அனுப்பிவிட்டார்கள். நானும் திரும்பி வந்துவிட்டேன். 11ஆம் நாள் அம்மாவைக் கண் பரிசோதனைக்காக செலாயாங் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்த் திரும்பும்போது எம்ஆர்ஆர்2 நெடுஞ்சாலை மேம்பாலத்தில் ஏறினோம். பாதி ஏற்றத்தில் இன்ஜின் அலறுகிறது, கார் நகர மறுக்கிறது. உள்ளே கருகல் நாற்றம். பின்னால் லாரிகள் ஹார்ன் அடிக்கின்றன. கண்ணில் மருந்து ஊற்றியிருந்ததால் அம்மாவுக்குச் சரியாகப் பார்வையும் இல்லை. "என்னப்பா ஆச்சு, என்னப்பா ஆச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அந்த அரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது. சூடு ஆறியதும் கார் எதுவும் செய்யாமலே மறுபடி ஓடியது.

பட்டறையில் முதலாளி பானெட்டைத் திறந்து மோந்து பார்த்தார். "காலைப் பெடல்லயே வெச்சு ஓட்டியிருக்கீங்க. இதுக்கு வாரண்டி கிடையாது. இறக்கிப் பார்க்கணும்னா 350." கியர்பாக்ஸைத் தொடவே இல்லை. வாசனையை வைத்தே தீர்ப்பு.

சரி என்று சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். செந்தூலில் ஒரு சந்துக்குள் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் நண்பன் கூட்டிப்போனான். எல்லோரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். "ஆறினா பிடிக்குது மாமா" என்று நான் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப டிஸ்க்கை அப்புறம் பார்ப்போம். நல்லா வழுக்கும் வரைக்கும் ஓட்டிட்டு, சூட்டோட கொண்டா" என்றார்.

கொண்டுபோனேன். கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும், எண்ணெய் அழுத்தத்தில் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் காற்று எடுக்கும் நிப்பிளில் 8ஆம் நம்பர் ஸ்பேனரை மாட்டி, கால் சுற்று தளர்த்தினார். பெடலில் யாருடைய காலும் இல்லை. ஆனாலும் எண்ணெய் சீறிக்கொண்டு வந்து தரையில் அடித்தது. உடனே மூடினார். "இப்ப ஓட்டிப் பாரு." ஓட்டினேன். அதே சூட்டில், அதே காரில் வழுக்கல் பெருமளவு நின்றுபோயிருந்தது.

பிறகு பெடலை விரலால் அழுத்தச் சொன்னார். கிளட்ச் பெடலில் தொடக்கத்தில் சில மில்லிமீட்டராவது எதிர்ப்பில்லாத ஆட்டம் இருக்க வேண்டும். என் பெடலில் ஒரு மயிரிழைகூட இல்லை. டாஷ்போர்டுக்கு அடியில், பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் புஷ்ராட் என்ற கம்பியை நீட்டி வைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால், பெடலை மிதிக்கும்போது ஸ்லேவுக்கு எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராது, எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். ஜாமின் சூட்டில் விரியும் எண்ணெய்க்குப் போக வழியில்லை. அது ஸ்லேவைத் தள்ளுகிறது, பிரஷர் பிளேட் கொஞ்சம் விடுபடுகிறது. நான் பெடலைத் தொடாதபோதும் கார் தன் கிளட்சைத் தானே மிதித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஏன் நீட்டினார்கள்? முதல் நாள் ரிவர்ஸ் அரைத்தது கிளட்ச் எண்ணெய்க் குழாயில் காற்று இருந்ததால்தான் என்கிறார் மாமா. கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. காற்றை எடுக்க அரை மணி நேரம் ஆகும், புஷ்ராடைத் திருக ஐந்து நிமிடம் போதும்.

கியர்பாக்ஸை இறக்கியபோது மிச்சமும் தெரிந்தது. ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்த சூட்டுத் திட்டுகள், அவற்றுக்கு அடியில் பழைய கிளட்சின் கோடுகள். ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தால் தேய்மானத்தால் வந்த மேடு தட்டுகிறது. கடைசல் போட்ட ஃப்ளைவீலில் அந்த மேடு இருக்கவே முடியாது. 80 வெள்ளி வாங்கிய ஸ்கிம் நடக்கவே இல்லை. 90 வெள்ளி பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றினார், மணல் அரைபடுவது போலச் சத்தம், விளிம்பில் துரு. அது பழைய பேரிங்கேதான். டிஸ்க்கில் ரிவெட்டுகளுக்கு மேல் இன்னும் தடிமன் நிறைய இருக்கிறது, ஆனால் முகம் கண்ணாடி மாதிரி கறுத்து மினுங்குகிறது. சாமான் நல்ல சாமான்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

மாமாவிடம் ஆனது: புது டிஸ்க் 520, கடைசல் 60, பேரிங் 85, இன்ஜின் பின்பக்க எண்ணெய் சீல் 25, கூலி 350, ஆக 1,040 வெள்ளி. பிரஷர் பிளேட்டை அளந்து பார்த்து, கெடவில்லை என்று அதையே போட்டார். அந்த சீலைத் தனியாக மாற்ற வேண்டுமானால் மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அதனால் கிளட்ச் மாற்றும்போதே கேட்டு மாற்றிவிடுங்கள். அது கசிந்தாலும் புது டிஸ்க்கில் எண்ணெய் பட்டு வழுக்கும்.

கிளட்ச் மாற்றப் போகிறவர்கள் பழைய சாமான் எல்லாம் வேண்டும் என்று காரை விடும்போதே சொல்லுங்கள். கடைசல் போட்ட ஃப்ளைவீலை, கியர்பாக்ஸ் ஏறுவதற்குமுன் நேரில் பாருங்கள், முடியாவிட்டால் வாட்ஸ்அப்பில் படம் கேளுங்கள். காரை எடுக்கும்போது முதலில் விரலால் பெடல் ஆட்டத்தைப் பாருங்கள். முதல் சில நாள் இலேசான வாசனையோ புறப்படும்போது சின்ன நடுக்கமோ இருக்கலாம், அது தணிந்துவிடும். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாமல் இருப்பது முதல் நாளிலும் சரி, எந்த நாளிலும் சரி, பழகுவது கிடையாது. அன்றே திரும்பிப் போங்கள், சூடான காரோடு போங்கள், பட்டறைக்காரரை நம் கண்முன் ஓட்டச் சொல்லுங்கள்.

கருகிய டிஸ்க், பழைய பேரிங், ஃப்ளைவீல் படங்கள், இரண்டு ரசீதுகள் எல்லாவற்றையும் வைத்து பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் மனு போட வேண்டும், வக்கீல் தேவையில்லை. இதே மாதிரி ஏமாந்து, சாமானைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், மனுப் படிவத்தை நிரப்ப உதவுகிறேன்.

இன்றைக்குப் புது டிஸ்க் 430 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் அதே ஜாலான் கூச்சிங் ஜாமில், ஒரு தடவைகூட வழுக்கவில்லை. அடுத்த வாரம் அண்ணன் ஜொகூரிலிருந்து வருகிறார். 800 முடியும்வரை இழுத்து ஓட்டக் கூடாது என்று அவரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.